வெளியேறும் முத்திரையை யாரும் நினைவுபடுத்த மாட்டார்கள்

வெளிநாடுகளைச் சுற்றிவிட்டு வண்டி ஊர் வந்து சேர்ந்த நான்காவது நாள். எல்லைதோறும் வண்டிக்காகச் சுங்கத்தில் நீட்டிய கார்னெட் என்ற ஏட்டை அலமாரியில் வைக்கும் முன் சும்மா ஒருமுறை புரட்டினேன். மூன்றாவது தாளில் கை நின்றது. நுழைவுச் சீட்டு கிழிக்கப்பட்டிருந்தது, சரி. அதோடு சேர்ந்து போயிருக்க வேண்டிய வெளியேற்றச் சீட்டு மட்டும் கசங்காமல், மடங்காமல் அப்படியே ஒட்டிக்கொண்டிருந்தது. ஏட்டிலேயே தங்கிவிடும் அடிக்கட்டையில் நுழைவுக்கான கட்டத்தில் ஊதா முத்திரை. வெளியேற்றத்துக்கான கட்டத்தில் ஒன்றுமே இல்லை. எங்கள் வாசலில் தூசியோடு நிற்கிற வண்டி, கடைசியாக நாங்கள் கிளம்பி வந்த நாட்டுச் சுங்கத்தின் கணக்கில் இன்னும் அவர்கள் ரோட்டில்தான் ஓடிக்கொண்டிருந்தது.

"ஏங்க, கொஞ்சம் இங்க வாங்க" என்று கூப்பிட்டேன். அவர் வந்து பார்த்துவிட்டு, "வண்டிதான் வந்துடுச்சே, அப்புறம் என்ன?" என்றார். வண்டியின் விலையைவிடப் பெரிய தொகை ஒன்று வங்கியில் எங்கள் பேரில் கட்டுண்டு கிடக்கிறது, அதைத் திரும்ப வாங்க அந்த வெற்றுக் கட்டம் நிரம்பியாக வேண்டும் என்று விளக்கிய பிறகு அவரும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

அந்தக் கட்டத்தை நிரப்ப எனக்குப் பத்து மாதம் ஆனது. சொந்த வண்டியை எடுத்துக்கொண்டு எல்லை தாண்டக் கிளம்புகிறவர்களுக்கு உதவட்டும் என்று இதை எழுதுகிறேன். விசா, பாஸ்போர்ட் பற்றிச் சொல்ல ஆள் நிறைய உண்டு. வண்டியின் காகிதங்களைப் பற்றிப் பேசுகிறவர்கள் குறைவு.

முதலில் இந்தக் கார்னெட் என்பது என்ன? முழுப்பெயர் கார்னே தெ பஸாஜ் ஆன் துவான். பிரெஞ்சில் கார்னே என்றால் சின்னக் குறிப்பேடு. நாமெல்லாம் கார்னெட் என்றே சொல்கிறோம், அலுவலகத்திலும் அதுதான் புரிகிறது. ஒரு நாட்டுக்குள் வண்டியை ஓட்டிக்கொண்டு போனால், சுங்கத்தின் பார்வையில் நீங்கள் ஒரு காரை இறக்குமதி செய்கிறீர்கள். வரி கட்ட வேண்டும். "நான் சுற்றிப் பார்த்துவிட்டுத் திரும்பக் கொண்டுபோய்விடுவேன்" என்று நீங்கள் சொல்லலாம். அந்த வாய்வார்த்தைக்கு ஜாமீன் யார்? அதற்காகத்தான் 1954 ஜூன் 4 அன்று நியூயார்க்கில் ஐ.நா. முன்னின்று ஒரு ஒப்பந்தம் போட்டார்கள், தனியார் வாகனங்களைத் தற்காலிகமாக இறக்குமதி செய்வது பற்றி. உங்கள் நாட்டு ஆட்டோமொபைல் சங்கம் உங்களுக்காக ஜாமீன் நிற்கும். வண்டி வெளியேறாவிட்டால் அந்த நாட்டுச் சுங்கம் அங்குள்ள சங்கத்தைக் கேட்கும், அது உங்கள் சங்கத்தைக் கேட்கும், உங்கள் சங்கம் நீங்கள் கொடுத்த உத்தரவாதத்தில் கை வைக்கும். ஃபார்முலா ஒன் பந்தயம் பார்க்கிறவர்களுக்கு எஃப்.ஐ.ஏ. என்ற பெயர் தெரிந்திருக்கும். இந்த ஜாமீன் சங்கிலியின் உச்சியில் இருப்பதும் அதே எஃப்.ஐ.ஏ.தான்.

எல்லா நாட்டுக்கும் இது வேண்டியதில்லை. ஈரான், பாகிஸ்தான், இந்தியா, எகிப்து, ஆஸ்திரேலியா போன்ற இடங்களில் கார்னெட் வழக்கத்தில் இருக்கிறது. தென் அமெரிக்காவில் பெரும்பாலும் எல்லையிலேயே தற்காலிக இறக்குமதி அனுமதி எழுதிக் கொடுத்துவிடுவார்கள். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே வசிப்பவர் அங்கே பதிவில்லாத சொந்த வண்டியோடு உள்ளே போனால் பொதுவாக 6 மாதம் வரை தனிக் காகிதமே கிடையாது. எல்லையைத் தாண்டுவதே அறிவிப்பு செய்ததற்குச் சமம். அதனால் முதல் வேலை, போகிற நாடுகளைப் பட்டியல் போட்டு, எது கார்னெட் கேட்கிறது, எது எல்லையில் அனுமதி தருகிறது, எது ஒன்றுமே கேட்பதில்லை என்று சங்கத்தில் கேட்டுக் குறித்துக்கொள்வது. போன வருடம் போய்வந்தவர் சொன்னதை வைத்துப் புறப்படாதீர்கள். இந்த விதிகள் மாறிக்கொண்டே இருக்கின்றன.

நான் முதலில் தப்பான கதவைத் தட்டினேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். கார்னெட் என்று தேடியதும் ஏ.டி.ஏ. கார்னெட் என்று ஒன்று வந்தது. வர்த்தக சபைக்குப் போய் டோக்கன் எடுத்து முக்கால் மணிநேரம் காத்திருந்து, கடைசியில் அந்தப் பெண், "எந்தக் கண்காட்சிக்குப் போறீங்க?" என்று கேட்டபோதுதான் விளங்கியது. கண்காட்சிப் பொருள், மாதிரிச் சரக்கு, படப்பிடிப்புக் கருவி இதுபோன்றவற்றுக்கானது அது. ஊர் சுற்றப் போகும் சொந்தக் காருக்கு ஆட்டோமொபைல் சங்கம்தான்.

சங்கத்தில் இருந்தவர் வயதானவர், மெதுவாகப் பேசுகிறவர். நாடுகளின் பட்டியலைப் பார்த்துவிட்டு உத்தரவாதத் தொகையைச் சொன்னார். எனக்குத் தலை சுற்றியது. வண்டியின் மதிப்பையும், பட்டியலில் எந்த நாட்டின் வரி மிக அதிகமோ அந்த வரியையும் வைத்துத்தான் கணக்கு. சில நாடுகளில் காருக்கான வரி காரின் விலையையே தாண்டிப் போகும். ஆக, ஆசைக்குச் சேர்த்துவைத்த ஒரே ஒரு நாடு மொத்தத் தொகையையும் தூக்கிவிடும். நாங்கள் அப்படி ஒன்றை வெட்டினோம். தொகை பாதிக்குக் கீழே வந்தது. வங்கி உத்தரவாதம், ரொக்க வைப்பு, சில இடங்களில் காப்பீடு என்று வழிகள் உண்டு. எதை எடுத்தாலும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: திரும்பக் கொடுக்க என்னென்ன காகிதம் கேட்பீர்கள்? அதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். நான் வாங்கவில்லை.

வண்டி மதிப்பைக் குறைத்துப் போட்டால் உத்தரவாதமும் குறையுமே என்று தெரிந்தவர் ஒருவர் யோசனை சொன்னார். சங்கத்துப் பெரியவர் சிரித்தார். "பிரச்சினை வந்தா அவங்க மதிப்புலதாம்மா கேப்பாங்க, உங்க மதிப்புல இல்ல." அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

படிவம் நிரப்புவதை நான் விளையாட்டாக நினைத்தேன். பதிவு எண், சேஸிஸ் நம்பர், எஞ்சின் நம்பர், தயாரித்த ஆண்டு, நிறம், எடை, சிலிண்டர் எத்தனை என்பதெல்லாம் எதிர்பார்த்ததுதான். அதோடு நிற்கவில்லை. இருக்கை உறை என்ன துணி, ரேடியோ உண்டா, ஸ்டெப்னி டயர் எத்தனை என்றெல்லாம் கட்டங்கள் இருந்தன. 1950-களின் கார்களை மனதில் வைத்துச் செய்த படிவம். ரேடியோ அன்றைக்குத் தனியாகக் கழற்றி விற்கிற சாமான். இன்றைக்கு அது வேடிக்கையாகத் தெரியலாம், ஆனாலும் நிரப்புங்கள். பின்னால் மாட்டிய கூடாரம், கார் ஃப்ரிட்ஜ், கூடுதல் பேட்டரி போன்றவையும் அந்தப் பட்டியலில் ஏறட்டும். கழற்றக்கூடிய எதையும் வழியில் விற்றுவிடவில்லை என்று காட்ட உங்களிடம் வேறு என்ன இருக்கும்?

சேஸிஸ் நம்பரில்தான் நாங்கள் மாட்டியிருப்போம். ஆர்.சி.யில் இருந்ததைப் பார்த்து எழுதிக் கொடுத்தேன். அச்சாகி வந்த கார்னெட்டை வாங்கும் நாளில், பெரியவர் பேனாவின் முனையை ஒவ்வொரு எழுத்தின் கீழும் நகர்த்திக்கொண்டே போனார். ஒன்பதாவதோ பத்தாவதோ, ஓரிடத்தில் பேனா நின்றது. "இது சைபரா, ஓ-வா?" ஓ என்றுதான் ஆர்.சி.யில் தெரிந்தது. "இருக்காதும்மா. பதினேழு எழுத்து நம்பர்ல ஐ, ஓ, கியூ மூணும் வராது. ஒண்ணோடயும் சைபரோடயும் குழம்பும்னு விட்டுட்டாங்க." வண்டிக்குப் போய் டார்ச் அடித்துப் பார்த்தோம். சைபர்தான். ஒரு எழுத்துதானே என்று தோன்றும். எல்லையில் தகட்டையும் தாளையும் ஒப்பிடுகிற அதிகாரிக்கு அது இன்னொரு வண்டி. ஆர்.சி.யை நம்பாமல் உலோகத்தில் பொறித்திருப்பதைப் பார்த்து எழுதுங்கள், ஒரு போட்டோவும் எடுத்துவையுங்கள். இந்தப் போட்டோ பிறகு என்னைக் காப்பாற்றியது.

கார்னெட்டைக் கையில் கொடுக்கும்போது அவர் சொன்ன ஒன்றை நான் சரியாகக் காதில் வாங்கவில்லை. "வண்டி உள்ள போறதுக்கு எல்லாரும் சீல் கேப்பாங்க. வெளிய வர்றதுக்கு நீங்கதான் கேக்கணும்."

ஒவ்வொரு தாளிலும் மூன்று பகுதி. நுழையும்போது அதிகாரி நுழைவுச் சீட்டைக் கிழித்து வைத்துக்கொண்டு அடிக்கட்டையில் முத்திரை போடுவார். வெளியேறும்போது வெளியேற்றச் சீட்டைக் கிழித்துக்கொண்டு அதே அடிக்கட்டையின் இன்னொரு கட்டத்தில் முத்திரை போடுவார். அடிக்கட்டை நம்மிடமே இருக்கும். ஒரு தடவை நுழைந்து வெளியேற ஒரு தாள். அதே நாட்டுக்குள் இரண்டாம் தடவை போனால் இன்னொரு தாள். 5, 10, 25 தாள் என்று தருகிறார்கள். நாடுகளை எண்ணாதீர்கள், நுழைவுகளை எண்ணுங்கள். இதை நான் சரியாகச் செய்தேன். போகும் வழியில் இரண்டு கார்னெட் நாடுகள், திரும்பும் வழியில் இரண்டாவது நாடு மறுபடி. 5 தாள் போதும் என்று எடுத்தோம். மூன்று செலவானது.

இன்னொன்று, சொந்த நாட்டை விட்டுக் கிளம்பும்போதே நம் சுங்கத்திடம் வண்டியைக் காட்டி, இந்த வண்டி இங்கிருந்துதான் போகிறது என்று பதிவு வாங்கிவிட வேண்டும். இல்லாவிட்டால் திரும்பி வரும்போது சொந்த வண்டியையே இறக்குமதி என்று பார்ப்பார்கள்.

முதல் எல்லையில் நாலு மணிநேரம் ஆனது. அதில் மூன்றரை மணிநேரம் கார்னெட் எழுதத் தெரிந்தவர் சாப்பிடப் போயிருந்தார். காத்திருப்பது பற்றி எழுத ஒன்றுமில்லை. ஆனால் ஒன்று கவனித்தேன். வண்டி என் பெயரில், கார்னெட் என் பெயரில், கவுண்டரில் நிற்பதும் நான். ஆனாலும் ஒவ்வொரு அதிகாரியும் வேலையை முடித்துவிட்டுக் கார்னெட்டை என் தலைக்கு மேலே கையை நீட்டி அவரிடம்தான் கொடுத்தார்கள். அவர் அதைப் பார்க்காமலேயே பைக்குள் போட்டுவிடுவார். மூன்றாவது தடவைக்கு அப்புறம் அவரை வண்டியிலேயே உட்கார வைத்துவிட்டேன்.

இரண்டாவது நாட்டில் பணியில் இருந்தவர் இளைஞர். முகத்தைப் பார்த்தாலே இது அவருக்கு முதல் கார்னெட் என்று தெரிந்தது. நுழைவுப் பகுதியை அழகாக எழுதினார், முத்திரை போட்டார், ஸ்கேலை எடுத்து வைத்தார். வைத்த இடம் வெளியேற்றச் சீட்டின் விளிம்பு. கிழிக்கப் போகிற நொடியில் நான் பாய்ந்து ஸ்கேலின் மேல் விரலை வைத்துவிட்டேன். அறையில் இருந்த எல்லோரும் நிமிர்ந்து பார்த்தார்கள். அதிகாரியின் மேசையில் கைவைத்தது மரியாதை இல்லைதான். அவர் ஒரு கணம் முறைத்துவிட்டு, தாளைப் படித்துவிட்டு, காது சிவக்க ஸ்கேலை நகர்த்தினார். அன்றிலிருந்து கவுண்டரில் நீட்டும் முன்பே கிழிக்கக் கூடாத சீட்டை ஒரு கிளிப் போட்டு மடித்து வைக்க ஆரம்பித்தேன். சொல்லி விளக்குவதைவிட அது நன்றாக வேலை செய்தது.

அங்கேதான் இன்னொரு பாடமும். கார்னெட் ஒரு வருடம் செல்லும். ஆனால் அந்த நாட்டுக்குள் வண்டி எத்தனை நாள் இருக்கலாம் என்பதை அந்த நாட்டுச் சுங்கம் முடிவு செய்யும். எங்களுக்கு விசா 30 நாள், அவர் வண்டிக்கு எழுதியது 15 நாள். கைப்பட எழுதிய அந்தத் தேதியை அன்றிரவு விடுதியில்தான் கவனித்தோம். அதற்குள் கிளம்பிவிட்டோம் என்பது வேறு. கவுண்டரை விட்டு நகரும் முன் தேதியைப் படியுங்கள். கேட்டு மாற்ற முடியுமென்றால் அங்கேயே முடியும்.

பெட்ரோல் பற்றி ஒரு வரி: வண்டியின் சொந்த டேங்கில் இருக்கும் எரிபொருளுக்கு அந்த 1954 ஒப்பந்தமே வரிவிலக்கு தருகிறது. கேனில் நிரப்பி மேலே கட்டிக்கொண்டு போவது அந்தக் கணக்கில் வராது.

வழியில் ஒரு உதிரிபாகம் போனது. ஊரிலிருந்து கூரியரில் வரவழைத்தோம். அது சுங்கத்தில் சாதாரண இறக்குமதிச் சரக்காக நின்றுகொண்டது. உள்ளே இருக்கும் வண்டியைப் பழுதுபார்க்கத்தான் இது வருகிறது என்று கார்னெட் நகலோடு எழுதிக் கொடுத்த பிறகே விட்டார்கள். கழற்றிய பழைய பாகத்தைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அதற்கும் கணக்கு உண்டு: திரும்பக் கொண்டுபோக வேண்டும், அல்லது சுங்கத்திடம் ஒப்படைக்க வேண்டும், அல்லது அவர்கள் முன்னிலையில் அழிக்க வேண்டும். எண்ணெய் வழிகிற அந்த இரும்பைச் சாக்கில் கட்டி எல்லை வரை சுமந்துகொண்டு போனோம்.

கார்னெட் கேட்காத நாடுகள் சுலபம் என்று நினைத்திருந்தேன். எங்களை அதிகம் படுத்தியது அவற்றில் ஒன்றுதான்.

துருக்கி போன்ற சில நாடுகளில், உள்ளே வரும் வண்டியை அதைக் கொண்டுவந்தவரின் பாஸ்போர்ட்டோடு சேர்த்துப் பதிவு செய்கிறார்கள். பார்த்தால் சின்ன வேலை, இரண்டு நிமிடம். அதன் அர்த்தம், வண்டி வெளியேறாமல் அந்த ஆளும் வெளியேற முடியாது. ஐரோப்பாவிலிருந்து திரும்பும் வழியில் அப்படிப்பட்ட ஒரு நாட்டுக்குள் வந்தோம். அவருக்கு முதுகு பிடித்திருந்தது, நான்தான் ஓட்டி வந்தேன், வண்டி என் பாஸ்போர்ட்டில் ஏறியது. ஒன்பதாம் நாள் ராத்திரி இரண்டு மணிக்குத் தம்பி போன் செய்தான். அம்மாவை ஐ.சி.யு.வில் சேர்த்திருந்தார்கள்.

காலை விமானத்துக்கு டிக்கெட் போட்டுவிட்டோம். பல் தேய்க்கும்போதுதான் அவர் கேட்டார், "வண்டி?" விடுதி வாசலில் விட்டுவிட்டுப் போகலாம் என்பதுதான் என் திட்டம். விடுதிக்காரர் தலையை ஆட்டி, "விமான நிலையத்தில் நிறுத்திவிடுவார்கள்" என்றார். ஒரே வழி, வண்டியைச் சுங்கத்தின் காவலில் ஒப்படைப்பது. காலை விமானம் போனது. எட்டு மணிக்குச் சுங்க அலுவலகம் திறந்ததும் மனு, வண்டிப் பரிசோதனை, உள்ளே இருக்கும் சாமான்களின் பட்டியல், சாவி ஒப்படைப்பு. ஸ்பூன் எத்தனை என்றுகூட எழுதினார்கள். நான் அழுதுகொண்டே ஸ்பூன் எண்ணினேன். மதியம் என் பாஸ்போர்ட்டிலிருந்து வண்டியை எடுத்துவிட்டதாகக் கணினியில் காட்டினார்கள். இரவு விமானத்தில் இருவரும் கிளம்பினோம். அம்மா பிழைத்துக்கொண்டாள். பத்தொன்பது நாள் கழித்துத் திரும்பி வந்தபோது சுங்கக் கிடங்கின் வாடகையைக் கட்டி வண்டியை எடுத்தோம். ஸ்பூன் அத்தனையும் இருந்தன.

இருவர் சேர்ந்து போகும்போது, அப்படிப்பட்ட எல்லையில் வண்டியை யார் பெயரில் ஏற்றுவது என்று முன்பே யோசியுங்கள். வீட்டில் வயதான பெற்றோர் இருப்பவர், அவசரமாகப் பறக்க வேண்டி வரக்கூடியவர், ஓட்டி உள்ளே நுழையாமல் இருப்பது நல்லது. மற்றவர் பெயரில் ஏற்ற, உரிமையாளரின் அனுமதிக் கடிதம் வேண்டும். அதையும் ஊரிலேயே எழுதி, மொழிபெயர்த்து, சான்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கணவன் மனைவிதானே என்பது எல்லைச் சாவடியில் செல்லாது.

ஐரோப்பாவில் நடந்ததையும் இங்கே சொல்லிவிடுகிறேன். அங்கே குடியேறிவிட்ட சித்தப்பா மகன் வண்டியைப் பார்த்ததும் துள்ளினான். "அக்கா, ஒரு ரவுண்டு ஓட்டிப் பாக்கட்டுமா?" கொடுக்கவில்லை. வெளியிலிருந்து வந்தவருக்குத்தான் அந்த 6 மாதச் சலுகை. அங்கேயே வசிக்கிறவர் அந்த வண்டியை ஓட்டினால் சலுகையே கேள்விக்குள்ளாகும். அவன் இன்னும் என்னைக் கஞ்சப் பேர்வழி என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறான்.

அம்மா விஷயத்தில் போன நாட்களால் கார்னெட்டின் ஆயுள் ஐந்து வாரமாகச் சுருங்கியிருந்தது. காலம் முடிவதற்கு முன்பே சங்கத்துக்கு எழுதினால் நீட்டிப்புக் கேட்கலாம், முடிந்த பிறகு கேட்டால் பயனில்லை. நாங்கள் அதையும் தவிர்க்க நினைத்து, வந்த வழியே முழுக்க ஓட்டாமல் இரண்டாவது நாட்டின் துறைமுகத்திலிருந்து வண்டியைக் கப்பலில் அனுப்ப முடிவு செய்தோம். நியாயமான முடிவுதான். அதில்தான் சறுக்கினோம்.

தரைவழி எல்லையில் வண்டியும் ஆளும் காகிதமும் ஒரே இடத்தில் நிற்கும். துறைமுகத்தில் மூன்றும் மூன்று இடம். வண்டி கன்டெய்னருக்குள், காகிதம் நமக்காகச் சுங்க வேலைகளை முடித்துத் தரும் கிளியரிங் ஏஜென்டின் பையில், நாம் விடுதியில். கன்டெய்னரில் வண்டியை ஏற்றிச் சக்கரத்தைக் கட்டுவது வரை நான் கூடவே நின்றேன். கன்டெய்னர் கதவில் போட்ட பூட்டு சீலின் நம்பரை எழுதிக்கொண்டேன். ஏற்றுமதிக் காகிதத்தில் சுங்கம் முத்திரை போட்டதைக் கண்ணால் பார்த்தேன். "கார்னெட்டும் முடிந்ததா?" என்று கேட்டேன். "எல்லாம் முடிந்தது, கப்பல் கிளம்பியதும் கூரியரில் வரும்" என்றார் ஏஜென்ட். அவர் பொய் சொன்னார் என்று நான் நினைக்கவில்லை. ஏற்றுமதிக் காகிதம் ஒரு மேசை, கார்னெட் வேறொரு கட்டடத்தில் வேறொரு மேசை. முதல் மேசையில் முத்திரை விழுந்ததும் வேலை முடிந்ததாக நினைத்திருப்பார். நான் அடுத்த நாள் விமானத்துக்கு டிக்கெட் எடுத்திருந்தேன். இரண்டு நாள் தள்ளிப் போட்டு, கார்னெட்டைக் கையில் வாங்கித் திறந்து பார்த்துவிட்டுக் கிளம்பியிருக்கலாம். கூரியர் உறை வந்த பிறகும் வண்டியை எடுக்கும் அவசரத்தில் உள்ளே பார்க்கவில்லை.

சரி, வெற்றுக் கட்டத்துக்கு வருவோம். ஏஜென்டுக்குப் போன் செய்தால், கார்னெட்டைத் திருப்பி அனுப்புங்கள், முத்திரை வாங்கித் தருகிறேன் என்றார். போன தேதிக்கு இப்போது முத்திரை யார் போடுவார்? நல்லவேளை, அனுப்பவில்லை. சங்கத்துப் பெரியவரிடம் போனேன். திட்டவில்லை. கார்னெட்டோடு வருகிற ஒரு சான்றிதழைப் பிரித்துக் காட்டினார். முத்திரை விடுபட்டால், காகிதம் தொலைந்தால், வண்டி அழிந்துபோனால் சரிசெய்வதற்கான படிவம் அது. இந்த வண்டியை இன்ன நாளில், இன்ன இடத்தில் நேரில் பார்த்தேன் என்று ஒரு அதிகாரி கையெழுத்திட வேண்டும். சுங்கம், காவல்துறை போல அரசு அதிகாரம் உள்ள ஒருவர், இல்லாவிட்டால் முத்திரை விடுபட்ட நாட்டின் தூதரக அதிகாரி.

எங்கள் ஊர்ச் சுங்க அலுவலகத்துக்கு வண்டியை ஓட்டிப் போனேன். அந்த அதிகாரி வெள்ளைச் சட்டையோடு முழங்காலிட்டுக் குனிந்து, டார்ச் வெளிச்சத்தில் சேஸிஸ் நம்பரை ஒவ்வொரு எழுத்தாக வாசிக்க, அவருடைய உதவியாளர் கார்னெட்டைப் பார்த்துக்கொண்டே வந்தார். அந்தச் சைபர் வந்த இடத்தில் அவரும் நிறுத்தினார். "இது ஓ மாதிரி இருக்கே?" புறப்படும் முன் எடுத்த போட்டோவைப் பெரிதாக்கிக் காட்டினேன். பதினேழு எழுத்துக் கதையையும் சொன்னேன். கையெழுத்துப் போட்டார். முழங்காலில் ஒட்டிய மண்ணைத் தட்டிக்கொண்டே, "இவ்வளவு தூரம் போயிட்டு வந்த வண்டியா இது?" என்று சக்கரத்தை ஒரு உதை விட்டுப் பார்த்தார்.

சான்றிதழ், பில் ஆஃப் லேடிங் என்ற கப்பல் சரக்கு ரசீது, ஏற்றுமதிக் காகிதத்தின் நகல், நம் துறைமுகத்தில் வண்டியை எடுத்த ஆவணம், சீல் நம்பரோடு எடுத்த படம் எல்லாவற்றையும் கட்டிச் சங்கத்தில் கொடுத்தேன். அவர்கள் அந்த நாட்டுச் சங்கத்துக்கு அனுப்ப, அது அங்குள்ள சுங்கத்துக்கு எழுதியது. பிறகு ஒன்றும் நடக்கவில்லை. மாதம் ஒருமுறை போய் விசாரித்தேன். அப்போதுதான் பெரியவர் ஒப்பந்தத்தில் உள்ள கணக்கைச் சொன்னார்: காகிதம் முடிக்கப்படவில்லை என்று சுங்கம் கோரிக்கை எழுப்ப, கார்னெட் காலாவதியான நாளிலிருந்து ஒரு வருடம் அவகாசம், அப்படி எழுப்பினால், வண்டி வெளியேறிவிட்டது என்று நிரூபிக்கச் சங்கத்துக்கு இன்னொரு வருடம். ஆதாரங்களை நாமே முந்திக்கொண்டு கொடுத்துவிட்டால் கோரிக்கை வரும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. விபத்தில் வண்டி முழுசாகப் போய்விட்டாலும் வழி உண்டாம்: வரியைக் கட்டலாம், அரசிடம் விட்டுவிடலாம், சுங்கத்தின் முன்னிலையில் அழிக்கலாம். ரோட்டோரம் விட்டுவிட்டு ஊருக்கு வருவது மட்டும் அந்தப் பட்டியலில் இல்லை.

பத்தாவது மாதம் சங்கத்திலிருந்து போன். வங்கி உத்தரவாதக் கடிதத்தின் குறுக்கே ரத்து என்று முத்திரை குத்தித் திருப்பித் தந்தார்கள். கார்னெட்டை அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். மூன்றாம் தாளின் நகல் மட்டும் என்னிடம் இருக்கிறது, அந்தக் கட்டம் அதில் இன்னும் காலியாகத்தான் இருக்கிறது.

இவர் நேற்று மேசை முழுக்க வரைபடத்தை விரித்து வைத்திருந்தார். புது வழி, நான்கு நாடுகள்தான், 5 தாள் போதும் என்கிறார். ஒரு மலைப்பாதை பக்கத்து நாட்டுக்குள் புகுந்து புகுந்து வெளியே வருகிறது. நான் பென்சிலை எடுத்து ஒவ்வொரு நுழைவாக எண்ணினேன். ஏழு வந்தது. 10 தாள் கார்னெட்தான் கேட்க வேண்டும்.